சாப்பாடு பிரமாதம் என்றவர்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. தலையில் கொம்பு கிடையாது, பின்னால் வால் கிடையாது, பார்வைக்கு உங்களையும் என்னையும் போலவே இருக்கும். அதை அடையாளம் காண ஒரே வழிதான். உணவகத்தில் உட்காரவைத்து, ஆறிப்போன சூப் ஒரு கிண்ணம் முன்னால் வையுங்கள். முதல் கரண்டியில் முகம் அஷ்டகோணலாகும். இரண்டாவது கரண்டியில் சமையல்காரருக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யார் என்று விசாரணை நடக்கும். மூன்றாவதில் இந்தக் கடையை இழுத்து மூடவேண்டும் என்று தீர்ப்பே வந்துவிடும். அந்த நேரம் பார்த்து, பரிமாறுகிறவர் பத்தடி தூரத்தில் வருகிறார். எட்டடி. ஐந்தடி. கோணிய முகம் நிமிர்கிறது, புருவம் இறங்குகிறது, உதடு விரிகிறது.

"எல்லாம் எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்!"

பரிமாறுகிறவர் நகர்ந்ததும் விசாரணை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வேகாத துண்டைக் கீரை இலைக்கடியில் அடக்கம் செய்வது, பிடிக்காததைத் தட்டின் ஓரமெல்லாம் பரப்பிச் சாப்பிட்டதுபோல் காட்டுவது, கிளம்பும்போது கல்லாவில் இருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்குவது, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் அவரையே திட்டுவது, இவையெல்லாம் இந்த இனத்தின் நித்திய கர்மங்கள். அடுத்த மாதம் அதே மேசையில் போய் உட்கார்வார்கள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "வண்டி நிறுத்த இடம் இருக்கே!"

இந்த இனத்தின் திலகம் என்று சொல்லத்தக்க ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். உத்தியோகம், லிஃப்ட் ஆய்வாளர். ஊரிலுள்ள கட்டடங்களுக்கெல்லாம் போய், லிஃப்டில் ஏறி இறங்கி, கம்பி வடத்தைத் தட்டிப் பார்த்து, ஓடலாமா கூடாதா என்று எழுதிக்கொடுக்கிற வேலை. அதில் மனிதர் சிங்கம். பதினான்கு மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்டைப் பூட்டிவிட்டு, தலைமை டாக்டர் மூச்சிரைக்க மாடியேறுவதைக் கைகட்டி வேடிக்கை பார்த்தவர். ஆனால் மேசையில் தட்டு வந்துவிட்டால் சிங்கம் பூனையாகிவிடும். அதுவும் பால் குடித்த பூனை.

அன்று அவருக்குத் திருமணமாகி இருபத்து மூன்று வருடம் நிறைந்த நாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிற மனைவி, மாலையில் வேலை முடிந்து நேராக வந்துவிட்டார். இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் மனைவியின் தம்பி. தெருமுனையில், பாரும் உணவகமும் ஒன்றாக இருக்கிற அதே கடை. ஏற்கெனவே நான்கு முறை போய், நான்கு முறையும் நொந்து திரும்பிய கடை.

"இந்தத் தடவை மாத்தியிருப்பாங்க மாமா," என்றான் மைத்துனன்.

மாற்றியிருந்தார்கள். சுவரில் ஒரு டிவி இருந்த இடத்தில் இரண்டு.

மேசை ஒரு பக்கம் ஆடியது. உட்கார்ந்ததும் ஆய்வாளர் குனிந்து, தம்ளர் வைக்கிற அட்டையை நான்காக மடித்துக் காலுக்கடியில் சொருகினார். பீர் வந்தது, வெதுவெதுப்பாக. சூப் வந்தது, மேலே ஆடை கட்டிக்கொண்டு. மொறுமொறு உருளைக்கிழங்கு என்று மெனு அட்டையில் படம் போட்டிருந்தது, காய்ச்சலில் படுத்து எழுந்ததுபோல் துவண்டு வந்தது. பிறகு மீன். வெளியே கரி, உள்ளே பனிக்கட்டி.

"இத மீன்னு சொன்னா மீனே மானநஷ்ட வழக்குப் போடும்," என்று ஆரம்பித்தார் ஆய்வாளர். பத்து நிமிடம் நிறுத்தவில்லை. மைத்துனன் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினான். அப்போது பரிமாறுகிற பெண்மணி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்மா! அதுலயும் அந்த மீன் இருக்கே, சொல்ல வார்த்தையே இல்ல." கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டினார்.

பெண்மணி ஒரு கணம் நின்று, பெருமூச்சு விட்டது போலிருந்தது. நகர்ந்துவிட்டார்.

மனைவியின் கை பாதியில் நின்றுவிட்டது. தொண்டையில் முள் ஏதாவது சிக்கிக்கொண்டதோ என்று ஆய்வாளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். முள் இருந்த இடம் தொண்டை அல்ல.

"ஏங்க, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளேன்."

"இப்ப அந்தம்மாகிட்ட ஒரு பிரமாதம் சொன்னீங்கள்ல?"

"ஆமா, சும்மா ஒரு பேச்சுக்கு."

"அதே பிரமாதத்தத்தான் இருபத்து மூணு வருஷமா எங்கிட்டயும் சொல்றீங்க. இதே மாதிரி தலைய ஆட்டி. இதே மாதிரி கட்டைவிரலத் தூக்கி."

மைத்துனனுக்குத் திடீரென்று டிவியில் ஓடுகிற ஆட்டத்தின் மேல் அக்கறை பிறந்தது. யாருக்கும் யாருக்கும் ஆட்டம் என்றுகூடத் தெரியாமல் வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

"சேச்சே, அது வேற, இது வேற," என்றார் ஆய்வாளர்.

"எப்படி வேற?"

"அது பொய். இது நெஜம்."

"ரெண்டுக்கும் ஒரே மூஞ்சியத்தானே வெச்சிருக்கீங்க? நான் எத வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

ஆய்வாளர் சிரிக்கப் பார்த்தார். மனைவியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த அம்மாள் தினமும் ஐந்தரைக்கு எழுந்து, இரண்டு பேருக்கும் சமைத்துக் கட்டி வைத்துவிட்டு, எட்டு மணிக்கு ஊரார் பல்வலியைக் கேட்க ஓடுகிறவர். அத்தனைக்கும் அவருக்குக் கிடைத்துவந்தது அந்த ஒரே ஒரு சொல். அதுவும் செல்லாக் காசு என்று கல்யாண நாளில் தெரிந்தால் எப்படி இருக்கும்?

"அவங்களக் கூப்பிட்டு உள்ளதச் சொல்லுங்க. அப்பத்தான் உங்க வாயில வர்ற பிரமாதத்த நான் நம்புவேன்."

ஆய்வாளர் கையைத் தூக்கினார். பெண்மணி திரும்பிப் பார்த்ததும் அந்தக் கை தானாகவே தலையைச் சொறியப் போய்விட்டது. மறுபடி தூக்கினார். "தண்ணியா சார்?" என்றார் பெண்மணி. "ஆமாம்மா," என்று சொல்லிவிட்டார். தண்ணீர் வந்தது. மனைவி கைப்பையைத் தோளில் மாட்டினார். அதைப் பார்த்ததும் ஆய்வாளருக்கு வியர்த்துவிட்டது.

"ஏம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த மீன் வந்து... நல்ல மீன்தான். மீன் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. கடலும் நல்ல கடலாத்தான் இருக்கும்..."

"ஏங்க," என்றார் மனைவி.

"வேகலம்மா."

சொல்லிவிட்டார். கூரை இடிந்து விழவில்லை. பெண்மணிதான் விறுவிறுவென்று உள்ளே போனார். போன வேகத்தில், சமையல்காரரையே கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். ஆறடி உயரம், கதவை அடைக்கிற தோள், கையில் இடுக்கி. ஆய்வாளர் நாற்காலியோடு சற்றுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"யாரு சார் மீன் வேகலன்னு சொன்னது?"

மைத்துனன் மாமாவைக் காட்டிக்கொடுத்தான்.

சமையல்காரர் மீனைப் பிளந்து பார்த்தார். பிறகு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஆய்வாளரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். எட்டு மாசமா ஓவன் கதவு மூட மாட்டேங்குது. முட்டுக் குடுத்து நின்னுக்கிட்டுதான் சமைக்கிறேன். முதலாளிகிட்ட சொன்னா, 'வர்றவன் போறவன் எல்லாம் பிரமாதம்ங்கிறான், உனக்கு மட்டும் என்னய்யா கொறச்சல்'ங்கிறார். வாயத் திறந்து சொல்றதுக்கு ஒரு மனுஷன் வரமாட்டானான்னு இருந்தேன். ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்!"

பக்கத்து மேசையில் குழந்தையோடு இருந்த தகப்பனார் தொண்டையைச் செருமினார். "எங்க சூப்பும் ஆறித்தாங்க இருந்துச்சு." ஜன்னலோரத்தில் ஒரு ஜோடி, "உருளைக்கிழங்கையும் சேத்துக்குங்க." பார் பக்கத்து உயர நாற்காலியிலிருந்து, "பீரு!" என்று ஒரே ஒரு குரல். அணை உடைந்துவிட்டது. ஆளாளுக்கு எழுந்து வந்து சொல்லச் சொல்ல, ஆய்வாளர் உத்தியோகக் கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதினார். அத்தோடு விட்டாரா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய், ஓவன் கதவின் கீலையும் தேய்ந்துபோன ரப்பரையும் பார்த்து, அதையும் மூன்றாவது பக்கத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றிரவு மூவரும் ரொட்டியும் வெண்ணெயும்தான் சாப்பிட்டார்கள். அடுத்த மாதம் கடைக்குப் புது ஓவன் வந்தது.

நமக்கு முக்கியம் அது இல்லை. மறுநாள் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான்.

பருப்பும் கத்திரிக்காயும். மனைவி எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஒரு வாய் வைத்தார். மென்றார். பழைய சொல் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அதையும் சேர்த்து விழுங்கினார்.

"பருப்புல உப்புக் கம்மி."

மனைவி எழுந்து போனார். சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டது. ஆய்வாளர் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டார். மனைவி உப்பு டப்பாவோடு வந்து, பருப்பைத் தானும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஆமா, கம்மிதான்." பிறகு, "கத்திரிக்கா?"

"பிரமாதம்," என்றார் ஆய்வாளர்.

மனைவி அந்த முகத்தை, நேரம் குறித்துவிட்டு வராமல் போகிற நோயாளியைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு துண்டு அள்ளித் தட்டில் வைத்தார். அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பு இருக்கிறதே, இருபத்து மூன்று வருடத்தில் ஆய்வாளர் அதைப் பார்த்ததில்லை.

ஆக, மனிதருக்கு நோய் தீர்ந்துவிட்டது என்கிறீர்களா? எங்கே! ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டப் போனார். இடது பக்கம் எலி கொறித்ததுபோல் ஆகிவிட்டது. முடிதிருத்துகிறவர் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, "சரியா இருக்கா சார்?" என்றார். இவர் என்ன சொன்னார் என்று நான் சொல்லவேண்டுமா?

சிரிக்காதீர்கள். போன முறை உங்கள் பிடரிக்குப் பின்னாலும் அதே கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள்?