ஆயில் கூலர் போட்ட மாப்பிள்ளை

இந்த வீட்டில் இனிமேல் தன் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று மருது முடிவு செய்தது ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்தால் பாண்டிமீனா காபியை நீட்டினாள். காபியைக் குடித்து முடிப்பதற்குள் அறிவிப்பு ஆறிப்போனது.

ஒத்தக்கடையில் வீட்டின் முன்னறையிலேயே பாண்டிமீனா சேலை வியாபாரம் செய்கிறாள். எந்தச் சேலையை விற்க நினைக்கிறாளோ அதை யாரிடமும் காட்டமாட்டாள். அடுக்கின் அடியில் செருகி வைத்துவிட்டு, "அது வேணாங்க்கா, உங்களுக்கு எடுப்பா இருக்காது" என்பாள். வந்தவள் மற்றதை எல்லாம் தள்ளிவிட்டு அதைத்தான் உருவுவாள். கட்டிக்கொண்டு போய் அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேரையும் அனுப்பி வைப்பாள். உள்ளறையில் இருந்து இதைப் பார்க்கும் மருது, இந்தப் பெண்கள் எம்புட்டு ஏமாளிகள் என்று தினமும் வருத்தப்படுவான்.

மருது ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பழைய டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன் மாமனார் ஊரான எழுமலைக்கு அதில் போனபோது, ஊர் எல்லையில் ரேடியேட்டர் குழாய் வெடித்துக் கார் புகைவிட்டு நின்றுவிட்டது. மச்சினன் நல்லகாமன் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தான். கடைவீதி முழுக்க வேடிக்கை பார்த்தது. மேளம் ஒன்றுதான் பாக்கி. அன்று முதல் எழுமலையில் அவனுக்கு 'டிராக்டர் மாப்ள' என்று பெயர்.

குழாயை அந்த வாரமே மாற்றியாகிவிட்டது. ஆனால் மருது எழுமலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கூப்பிட்டால், "தூரம் போனா வண்டில ஆயில் சூடாகுது மீனா" என்பான். இந்த ஒரே காரணத்தை வைத்து ஒரு திருவிழா, ஒரு காதுகுத்து, ஒரு கெடாவெட்டு எல்லாவற்றிலிருந்தும் தப்பித்திருக்கிறான். பாண்டிமீனா பஸ்ஸில் தனியாகப் போய்விட்டு வருவாள்.

இப்போது நல்லகாமன் புதுவீடு கட்டியிருந்தான்.

"அடுத்த மாசம் பால் காய்ச்சுறாங்க" என்றாள் பாண்டிமீனா. "கூடப் பொறந்தவன் கட்டுன மொத வீடுங்க. நீங்க பக்கத்துல இல்லாம நான் மட்டும் எப்படிங்க போயி நிப்பேன்?"

சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. மருதுவுக்கும் என்னவோபோல் இருந்தது. இருந்தாலும் கயிறும் டிராக்டரும் கண்முன் வந்து நின்றன.

"ஆயில் சூடாகுதே மீனா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அப்போதே மருது பயந்திருக்க வேண்டும்.

நாலைந்து நாள் கழித்து, சேலை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லகாமன் ஏதோ கார் வீடியோ அனுப்பியிருக்கான். நீங்க பாக்க வேணாம்."

"ஏன்?"

"வண்டியப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க பாக்குறதாம்."

மருது அதை மூன்று தடவை பார்த்தான். என்ஜின் எண்ணெயைக் குளிர வைக்கத் தனியாக ஒரு சாமான் இருக்கிறதாம். பெயர் ஆயில் கூலர். பார்க்கச் சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். சூடான எண்ணெய் ஒரு குழாய் வழியாக அதற்குள் போய், காற்றுப் பட்டு ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பும். வீடியோவில் வந்தவன் அதை மாட்டிக்கொண்டு மலை மலையாக ஏறினான்.

"வாங்கப் போறேன்" என்றான் மருது.

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா? வேணும்னா அவனே வச்சிருக்க மாட்டானா?"

"அவன் ஜப்பான் வெயிலுக்குச் செஞ்சது. இது மதுரை."

"இருக்குறது போதும்ங்க."

"என் வண்டி. என் என்ஜின். நான் வாங்குவேன்."

பல் துலக்கும்போது எடுத்த தீர்மானம் இப்போதுதான் வாய்க்கு வந்தது. சொல்லிவிட்டு அவனே ஒரு அங்குலம் நிமிர்ந்து நின்றான். எண்ணெய் ஆறிவிட்டால் எழுமலைக்குப் போகாததற்குச் சொல்லக் காரணம் இருக்காது என்பது அந்த வேகத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை மெக்கானிக் பீமாராவ் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். 'பாக்கத்தானே வாரேன்' என்று பாண்டிமீனாவும் தொற்றிக்கொண்டாள். பீமாராவ் இரண்டு கூலர்களை மேசைமேல் வைத்தான்.

"பெருசு குடுங்க" என்றான் மருது.

"பெருசு உங்க வண்டி முகத்துக்குள்ள அடங்காதுண்ணே. ரேடியேட்டருக்குக் காத்து போக வேணாமா? இந்தச் சின்னது போதும்."

பாண்டிமீனா உதட்டைப் பிதுக்கினாள். "எண்ணெய்ய இப்படி எந்நேரமும் ஆற வச்சா மார்கழிக் குளிருல கூழாப் போயிராது? இதுக்குத்தான் வேணாம்னேன்."

"அதுக்குத் தெர்மோஸ்டாட் வச்சது இருக்குக்கா. எண்ணெய் நல்லாச் சூடாகுற வரைக்கும் கூலருக்குப் போற வழிய மூடியே வச்சிருக்கும். சூடு ஏறுனாத்தான் தெறக்கும்."

"அது என்னத்துக்கு? வெல கூட இருக்கும். சாதாரணமே போதும்" என்றாள்.

"தெர்மோஸ்டாட் வச்சதே போடுங்க" என்றான் மருது.

பீமாராவ் முன் பம்பரைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் கூலரைத் தாங்கி போட்டு நிறுத்தினான். ஆயில் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் உள்ள தட்டை வைத்து, அதிலிருந்து இரண்டு குழாய்களைக் கூலருக்கு இழுத்தான். குழாய் எதிலும் உரசாமல் ரப்பர் வைத்துக் கட்டினான். புது எண்ணெய் ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, ஒழுகுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். மருதுவும் கூடவே குனிந்து பார்த்தான். என்ன பார்க்கிறோம் என்று தெரியாவிட்டாலும் அடிக்கடி "ம்" என்றான்.

மறுநாள் மாட்டுத்தாவணி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து, தெருவே பார்க்க முன்னால் கைவிட்டுக் கூலரைத் தொட்டான். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"வேல செய்யலையா?" என்றாள் பாண்டிமீனா. சத்தமாகவே கேட்டாள். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

மருது பீமாராவுக்குப் போன் போட்டான்.

"ஊருக்குள்ள ஓட்டுனா அது தெறக்காதுண்ணே. எண்ணெய் சூடாகணும்ல? நாலு பேர ஏத்துங்க, மொட்ட வெயில்ல அம்பது அறுபது கிலோமீட்டர் நிக்காமப் போங்க. அப்பத் தொட்டுப் பாருங்க, கை பொசுங்கும்."

மருது யோசித்தான். மேலூர் பக்கத்திலேயே இருக்கிறது. போதாது. திருமங்கலமும் போதாது.

"எங்கயாச்சும் போங்க" என்றாள் பாண்டிமீனா. "எழுமல மட்டும் வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வர்ற ஞாயித்துக்கெழம பால் காய்ச்சுறாங்க. ஊரே கூடியிருக்கும். இதையும் மாட்டிக்கிட்டுப் போயி வழியில நின்னுருச்சுன்னா? தம்பி டிராக்டர வேற புதுசா மாத்திட்டான்."

மருதுவுக்குக் காது வரை சூடு ஏறியது. எண்ணெய்க்குத்தான் கூலர், அவனுக்கு இல்லை.

"ஞாயித்துக்கெழம எழுமலைக்குத்தான் போறோம். நீயும் வர்ற."

"நான் வரலைங்க. எனக்கு அசிங்கமா இருக்கும்."

"மீனா, வா மீனா. வெயிட்டு வேணும்னு பீமாராவ் சொன்னாருல்ல."

சொல்லிச் சொல்லி, கடைசியில் கெஞ்சி, அவளைச் சம்மதிக்க வைத்தான். வெயிட்டுக்கு என்று அவள் ஒரு பித்தளை அண்டா, இரண்டு குத்துவிளக்கு, ஒரு மூட்டை பொன்னி அரிசி, சித்தி ரெங்கம்மாள் ஆகியவற்றை ஏற்றினாள். "நாலு ஆளுக்கு நான் ஒருத்தி போதும்" என்று சித்தியே சொன்னாள். கார் பின்பக்கம் தாழ்ந்து அதை ஒப்புக்கொண்டது.

செக்கானூரணி தாண்டியது. உசிலம்பட்டி தாண்டியது. வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. மருதுவின் ஒரு கண் ரோட்டில், ஒரு கண் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளில். முள் அசையவில்லை. குழாய் வெடித்த அதே இடம் வந்தபோது டிராக்டர் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தான். கார் பாட்டுக்குத் தாண்டிப் போனது. கடைவீதி முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போய்ப் புதுவீட்டு வாசலில் நிறுத்தி இறங்கி, முன்னால் கைவிட்டுத் தொட்டான்.

கை பொசுங்கியது.

"சுடுது" என்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி வலி, பாதி சந்தோஷம். "மாப்ள, இங்க வா. தொட்டுப் பாரு. சுடுது."

நல்லகாமன் தொட்டான். மாமனார் தொட்டார். தீபாராதனைத் தட்டைத் தொடுவது மாதிரி வரிசையாக வந்து தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். மருது எல்லோருக்கும் தெர்மோஸ்டாட்டை விளக்கினான். பந்தியில் 'கூலர் மாப்ளைக்கு இன்னொரு வடை' என்று ஒருவர் குரல் கொடுத்தார். டிராக்டர் மாப்ள அத்தோடு செத்தான். பால் பொங்கும்போது பாண்டிமீனா அவன் தோளை ஒட்டி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, இதற்காகவே முன்பே வந்திருக்கலாம் என்று அவனுக்கு நிஜமாகவே தோன்றியது.

கிளம்பும்போது நல்லகாமன் கேட்டான். "வீடியோ நல்லா இருந்துச்சா மச்சான்? அக்காதான் தேடி அனுப்பச் சொல்லுச்சு. எத்தன கிலோமீட்டர் ஓடுனாத் தெறக்கும்னு பீமாராவுக்கும் அதுதான் மொதல்லயே போன் போட்டுக் கேட்டுச்சு."

மருதுவுக்கு அடுக்கின் அடியில் செருகிய சேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. உசிலம்பட்டி வரை அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினான். இனிமேல் ஏமாறக் கூடாது. அவள் வேண்டாம் என்றால், தானும் வேண்டாம் என்றுவிட வேண்டும்.

பின்சீட்டில் ரெங்கம்மாள் சித்தி குறட்டை விட்டாள். பாண்டிமீனா மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, அடுத்த ஞாயித்துக்கெழம எழுமலைக்கு விருந்துக்குக் கூப்புடுறாங்க. வேணாம்ங்க. உங்களுக்கு அலைச்சல்."

மருது மனசுக்குள் சிரித்துக்கொண்டான். சேலை அடுக்குக்கு அடியில் இருப்பது பளிச்சென்று தெரிந்தது.

"நீ சொன்னாச் சரிதான் மீனா. விருந்துக்குப் போக வேணாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் வெற்றி. மருது காரணமே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தான்.

பாண்டிமீனா போனை எடுத்தாள்.

"அம்மா, அவரு விருந்துக்கு அங்க வரலையாம். நான் சொன்னபடி நீங்க எல்லாரும் இங்க வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க. பஸ்ஸு எதுக்கு? அவரே வந்து கூட்டிட்டு வருவாரு. வண்டிதான் இப்ப சூடாகுறதே இல்லையே."