மண்டபத்து வைஃபைக்கு நான் போட்ட பூட்டு

படிக்காதவனால் ஒரு கல்யாணம் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. நேற்றுப் படித்ததை இன்றே செய்து பார்க்கத் துடிக்கிறவனால் நிற்கும். எங்கள் அக்கா கல்யாணம் பன்னிரண்டு நிமிடம் நின்றது. நிறுத்தியவன் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா போனபின் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு, எப்படியோ பிரான்ஸ் போய், பாரிஸில் ஓர் ஓட்டல் சமையலறையில் நின்று என்னைப் படிக்க வைத்தார். செல்வி அக்காவுக்கு வில்லியனூர் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம் முடிவானபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அக்கா ஒரே பிடியாக நின்றாள். "அண்ணன் பாக்காம என் கழுத்துல தாலி ஏறாது. வீடியோலயாவது பாக்கணும். இன்னாவோ கம்ப்யூட்டர் படிச்சியே, நீ பாத்துக்க."

முதல் நாள் மண்டபத்தைப் பார்க்கப் போனேன். உள்ளே செல்போன் சிக்னல் கிடையாது. வைஃபைதான் ஒரே வழி. அதன் பாஸ்வேர்டைக் கை கழுவும் இடத்துக்கு மேலே, 'தண்ணீரை வீணாக்காதீர்' என்பதற்குக் கீழே, சிவப்பு பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. (அந்த வாரம்தான் வைஃபை பாதுகாப்பு பற்றிப் பரீட்சை எழுதியிருந்தேன். வேறு எதற்கும் அடைக்காத நெஞ்சு அது.) நானூறு பேர் உள்ளே புகுந்து வீடியோ பார்த்தால் அண்ணனுக்கு ஏது இடம்?

மண்டபத்துக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். இருப்பதிலேயே கடினமான என்கிரிப்ஷன் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அதுவும் போதாமல் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றினேன். பாஸ்வேர்டு தெரிந்தாலும் என் போனில் நான் 'சரி' என்று தட்டினால்தான் உள்ளே வர முடியும். வந்தாலும் ஒரு மணி நேரம்தான். பிறகு மறுபடியும் என் அனுமதி வேண்டும்.

அம்மாவிடம் பெருமையாக விளக்கினேன். அம்மா முறைத்தார். "கல்யாணத்துக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சி யாருன்னு கேப்பியா? இன்னாடா மரியாத இது?"

"அம்மா, இது அத்தென்டிகேஷன்."

"இன்னாவோ ஒரு எழவு."

மறுநாள் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. ஒன்பதே காலுக்கு வீடியோக்காரர் சேகர் அண்ணனின் லேப்டாப்புக்கும் என் போனுக்கும் மட்டும் 'சரி' கொடுத்தேன். திரையில் அண்ணன் வந்தார். பாரிஸில் இன்னும் விடியவில்லை. வேட்டி சட்டையில், நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா பார்த்துச் சிரித்தாள். ஒன்பதே முக்காலுக்குத் தாலி ஏறிவிடும் என்பது என் கணக்கு.

மாப்பிள்ளை நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் தாலி கட்ட மாட்டார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் திருக்கனூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பஸ் பஞ்சர். வேர்த்து விறுவிறுத்து அவர் வந்து பட்டம் கட்டி முடித்தபோது மணி பத்தே கால். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் மேளக்காரரைப் பார்த்து விரலை உயர்த்தினார்.

அண்ணன் மறைந்துபோனார். திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது.

"இருங்க," என்றாள் அக்கா. தாலிக்கும் கழுத்துக்கும் நடுவே அவள் கை. "அண்ணன காணோம்."

மேளக்காரர் ஓங்கிய குச்சியோடு நின்றார். நானூறு தலைகளும் என் பக்கம் திரும்பின. மச்சான் முறையில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவதற்காகச் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியும் துண்டுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பிலிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் முடிந்து போனையும் வெளியே தள்ளியிருந்தது. 'உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கவும்' என்று எனக்கே சொன்னது. அனுமதி கொடுக்க நான் உள்ளே போக வேண்டும். உள்ளே போக நான் அனுமதி கொடுக்க வேண்டும்.

"இன்னாடா ஆச்சி?" என்றார் அம்மா.

"என்னையே உள்ள வுட மாட்டேங்குது!"

"உன்ன யாரு வுடுவா? ஐயோ, பத்தரைக்குள்ள முடியணுமேடா!"

ஒரே வழிதான் இருந்தது. வைஃபை பெட்டியின் பின்னாலிருக்கும் ஊசித் துளைக்குள் எதையாவது விட்டு அழுத்தினால், போட்ட பூட்டெல்லாம் கழன்று, கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். "ஊக்கு!" என்று கத்தினேன். அம்மா முந்தானையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எறிந்தார். மாடியிலிருந்த ஆபீஸ் அறைக்கு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். குத்தினேன். விளக்குகள் அணைந்து, யோசித்து, ஒவ்வொன்றாக எரிந்தன. மணி பத்து இருபத்தைந்து.

கடையில் வாங்கியபோது வந்த பாஸ்வேர்டு பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. கீழே சேகர் அண்ணன், "பாஸ்வேர்டு இன்னாபா?" என்று அலறுகிறார். ஓடி இறங்க நேரமில்லை. மேசை மேல் பந்திக்கு அழைக்கும் மைக் இருந்தது. எடுத்தேன்.

"எட்டு! ஏழு! பெரிய கே! சின்ன டி! சின்ன எக்ஸ்! நாலு! நாலு! பெரிய எம்!"

மண்டபம் முழுக்க ஒலித்தது. வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊர் முழுக்கவும் ஒலித்தது. நானூறு கைகள் நானூறு போன்களை எடுத்தன. நல்லவேளையாக சேகர் அண்ணன் விரல் முந்திக்கொண்டது.

"தோ, அண்ணன் வந்துட்டாரு!" என்று கீழே குரல் கேட்டது. அவசரத்தில் மைக்கை அணைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மேளம் கொட்டியது. மூன்றாவது முடிச்சு வரை அண்ணன் பார்த்தார். அடுத்த நொடி ஊரே வைஃபைக்குள் நுழைந்ததில், அவர் கண்ணைத் துடைத்த கோலத்தில் அப்படியே உறைந்தார்.

கல்யாண வீடியோவில் தாலி ஏறும் இடத்தில் மந்திரம் கேட்காது. "சின்ன எக்ஸ்! நாலு! நாலு!" என்று ஒருவன் மூச்சிரைப்பதுதான் கேட்கும். அண்ணன் போன் செய்தால் இன்றும் ஹலோ சொல்வதில்லை. "எட்டு, ஏழு" என்பார். மீதியை நான் சொன்னால்தான் பேச்சே.

இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பாதுகாப்புதான் என் வேலை. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஊழியர்களை விரட்டுகிறேன். அக்கா புது வீட்டுக்கு வைஃபை போட்டதும் நான்தான். என்ன பாஸ்வேர்டு வைக்கலாம் என்று கேட்டேன்.

"அதையே வையிடா. அதுலதான அண்ணன் வந்துச்சி."

வைத்தேன். மாற்ற மனம் வரவில்லை. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனால், திருக்கனூர் தாய்மாமன் வாசலில் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மூணாவது பெரிய கே தான?"

"ஆமாங்க," என்றேன்.