பத்திரிகையில் இல்லாத தாய்மாமன்

சங்கரன்கோவில்

சிரஞ்சீவி மருமகன் ராஜேஷ்குமாருக்கு, உன் பெரிய மாமா குருசாமி, கோமதியம்மன் சாட்சியாக வயிறெரிந்து எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை ஆவுடையம்மாளும் நலம். என் கம்ப்யூட்டர் மட்டும் காலமாகிவிட்டது. ஆகவே கையெழுத்து.

பொங்கலுக்கு வந்தபோது உன் உத்தியோகத்தை விளக்கினாய் அல்லவா, என் தம்பி முத்துக்கிருஷ்ணனின் முகத்தை மட்டுமே பார்த்து? "கெர்னல்னா கம்ப்யூட்டருக்கு மூளை, மாமா. அதோட மெமரிதான் கல்யாண மண்டபம். பிரிண்டர், மவுஸ் எல்லாத்தையும் ஓட்டுத டிரைவருங்க அங்கனதான் உக்காந்திருப்பாங்க. கள்ள டிரைவர் லிஸ்ட்ல பேர அழிச்சிட்டு உள்ளயே பதுங்கிருவான். லிஸ்ட்ட நம்பப்படாது. பந்தியில எல எலயாப் போயி மூஞ்சியப் பாக்கணும்லா" என்றாய். அவன் என்னமோ கெர்னலைத் தானே பெற்று வளர்த்தவன்போல் தலையாட்டினான். எனக்கு வந்த பொறாமையில் ஊர் விசைத்தறி பூராவும் கரண்ட் இல்லாமலே ஓடியிருக்கும். கள்ள டிரைவரைத் தேடிப் பிடிக்க நீ அவனுக்குக் கொடுத்த புரோகிராமை அவன் அசந்த நேரம் பென்டிரைவில் ஏற்றிவந்து, என் தறிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். கூட்டம் கூட்டமாக டிரைவர்கள் தட்டுப்பட்டார்கள். எவன் மூஞ்சியும் முத்துக்கிருஷ்ணன் மூஞ்சியாகவே தெரிந்ததால், அகப்பட்டவனை எல்லாம் அழித்தேன். கீபோர்டு செத்தது, மவுஸ் செத்தது, திரை நீலமாகித் தென்காசி வரை வெளிச்சம் அடித்தது. அவனே வந்து பார்த்து, "ஏண்ணே, கள்ளனப் பிடிக்கச் சொன்னா வீட்டுக்காரன வெரட்டிட்டியே!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு விருதுநகர் ரயிலுக்கே கேட்டிருக்கும்.

அந்தப் புண்ணின் மேல்தான் நேற்று உன் கல்யாணப் பத்திரிகை வந்து விழுந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் முத்துக்கிருஷ்ணன்! அவன் மட்டும்! உன்னைத் தோளில் சுமந்து தேர் காட்டியவன் நான். அவன் அப்போது பஞ்சுமிட்டாய்க்கு அழுதுகொண்டிருந்தான். சரி மக்கா, இனி நானே கள்ள டிரைவர். லிஸ்டில் இல்லாமலே முதல் பந்தியில் உட்காருவேன். தாய்மாமன் மாலையை எவன் உனக்குப் போட வருகிறான் என்று பார்க்கிறேன். உன் புரோகிராமை வைத்து என்னைக் கண்டுபிடி, பார்ப்போம்.

நீயும் உன் மணமகளும் நூறாண்டு வாழ்க. முத்துக்கிருஷ்ணனும் வாழட்டும், சற்றுத் தள்ளி.

அன்பு குறையாத, ஆனால் பெயர் அச்சாகாத,
குருசாமி

பின்குறிப்பு (உறையை ஒட்டிவிட்டதால் அதன் முதுகில் எழுதுவது): பத்திரிகை மூலையில் அப்பியிருந்த மஞ்சளை உன் அத்தை நகத்தால் சுரண்டினாள். மஞ்சளுக்கு அடியில், தாய்மாமன் வரிசையில் முதல் பெயர் என் பெயர், கொட்டை எழுத்தில்! "லிஸ்ட்ட நம்பப்படாதுன்னு அந்தப் புள்ள தலையால அடிச்சுச் சொல்லுச்சே" என்கிறாள். மண்டப வாசலில் நுழையாத அளவுக்கு மாலை சொல்லியாயிற்று. சுரண்டிய மஞ்சளை வீணாக்காமல் முத்துக்கிருஷ்ணன் பெயர்மேல் தடவிவிட்டேன். ஆகவே இந்த உறையைப் பிரிக்காமலே கிழித்துப் போடவும்.