கேள்வி திருத்திகள்

உலகத்தில் நோயாளிகள் உண்டு, மருத்துவர்கள் உண்டு. இந்த இரு சாராருக்கும் நடுவே இப்போது புதிதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. கையில் கைபேசியும் முகத்தில் ஞானக்களையுமாகத் திரியும் இவர்களை நான் கேள்வி திருத்திகள் என்பேன். செயற்கை நுண்ணறிவிடம் நோயைச் சொல்லிப் பதில் கேட்பவர்கள்தானே என்று சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அது பாவம், ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறது. பிடித்த பதில் வரும்வரை நோயை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் இவர்கள்.

எங்கள் வீட்டு மாடியிலேயே ஒருவர் இருக்கிறார். என் பெரியப்பா.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தும்மல் போட்டால் போதும், தும்முவதற்கு முன்னால் எங்கே நின்றீர்கள், எந்தப் பக்க மூக்கு, உங்கள் அப்பாவும் இப்படித்தான் தும்முவாரா என்று குறுக்கு விசாரணை நடத்தி, எல்லாவற்றையும் கைபேசியில் தட்டி, "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருங்க" என்று அந்த மனிதரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுத்தான் நகர்வார். ஊருக்கெல்லாம் ஸ்கேன். தனக்கு?

தனக்கு நெஞ்சு வலித்தபோது முதலில் உண்மையைத்தான் தட்டினார். வயது ஐம்பத்தெட்டு, புகைப்பழக்கம் உண்டு, மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்றது. பெரியப்பாவுக்கு அந்தத் தொனி பிடிக்கவில்லை. புகையை அழித்தார். போங்கள் என்றது. வயதைக் குறைத்தார். அப்போதும் போங்கள். 'அழுத்துகிறது' என்பதை 'ஒரு மாதிரி இருக்கிறது' ஆக்கி, மாடியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வயிறு முட்டச் சாப்பாட்டை வைத்தார். வாயுவாகவும் இருக்கலாம், எதற்கும் மருத்துவரைப் பாருங்கள் என்றது. முதல் பாதியை மட்டும் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "பாத்தீங்களா, என்னமா கண்டுபிடிக்குது!"

அதோடு விட்டாரா? ஒரு கடிகாரம் வாங்கினார். அது நாடித்துடிப்பை அளந்து அனுப்ப, கைபேசித் திரையில் அவருடைய இதயத்தின் மாதிரி உருவம் ஒன்று சுழன்று சுழன்று துடிக்கும். நல்ல இதயம் என்றால் ரோஜா நிறம். பெரியப்பாவின் இதயம் மஞ்சளாகவே இருந்தது. கடிகாரத்தைக் கழற்றித் தன் மகளிடம் நீட்டினார். அக்கா தினமும் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவள்.

"நான் எதுக்குப்பா கட்டணும்?"

"ஒரே ரத்தம்தானே, கட்டு."

ரோஜா! வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்னால் இதயத்தைக் காட்டினார். இதயத்துக்குச் சொந்தக்காரரோ படிக்கட்டில் பாதி ஏறியதும் நின்று, ஏதோ அவசரச் செய்தி வந்ததுபோல் கைபேசியைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்குவார். மேலே கதவருகில் நின்று பார்க்கும் பெரியம்மா, அவர் நிமிர்வதற்குள் உள்ளே போய்விடுவாள். இந்த மனுஷனை யார், எப்படி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவது?

ஒரு மத்தியானம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது நானும் அக்காவும் கடிகாரத்தை உரியவர் கையிலேயே மாட்டிவிட்டோம். கையைக் கவனிக்காமலே எழுந்து, கீழே போய்விட்டு மேலே ஏறி வந்தார். திரையில் இதயம் செக்கச்செவேல் என்றானது. கைபேசி கத்தியது. பெரியப்பா வெளிறினார். பிறகு தெளிந்தார்.

"வாட்ச் கெட்டுப்போச்சு."

"அப்ப ஆஸ்பத்திரி மெஷினோட வச்சுப் பாத்துருவோம் பெரியப்பா" என்றேன். "வாட்ச்ல தப்புன்னா கம்பெனிக்காரன சும்மா விடக்கூடாது."

கேள்வி திருத்திகள் உடம்பு சரியில்லை என்றால் இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். இயந்திரம் சரியில்லை என்று சொல்லிப் பாருங்கள், சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நிற்பார்கள்.

நெஞ்சு முழுக்க ஒயர்களோடு படுத்திருந்தபோதும், "வாட்ச்தானே டாக்டர் தப்பு?" என்றார்.

மருத்துவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாட்ச் நல்லாத்தான் சார் இருக்கு. உங்களத்தான் அட்மிட் பண்ணணும். எவ்வளவு நாளா வலி?"

பெரியப்பாவின் கை பழக்கதோஷத்தில் கைபேசியைத் தேடியது. அது பெரியம்மாவின் பையில் இருந்தது. "லேசா ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தார். பெரியம்மா அவரையே பார்த்தாள்.

"ஆறு மாசமா டாக்டர். மாடி ஏற முடியல. பயமா இருந்துச்சு" என்றார் பெரியப்பா.

இந்த இடத்தில் கேலியாக ஒரு வரி எழுத வேண்டும். வரவில்லை.

அடைப்பை நீக்கிவிட்டார்கள், ஆள் பிழைத்துக்கொண்டார். இப்போது மருத்துவர் கொடுத்த மாத்திரைகளையெல்லாம் கைபேசியிடம் காட்டி மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, நீங்கள் சிரித்தது போதும். எங்கேயோ வலிக்கிறது என்று அன்றைக்கு நீங்களும் தட்டினீர்களே, வந்த பதில் பிடிக்காமல் ஒரே ஒரு வார்த்தையை அழித்துவிட்டு மறுபடி கேட்டீர்களே, அந்த வார்த்தையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.