கதவு டாக்டரும் என் சர்க்கரையும்

மனித உடம்பு முழுக்கக் கதவுகள்தான் என்று நம்பிய ஒரே டாக்டர் இந்தப் பூமியில் எங்கள் போடிநாயக்கனூரில்தான் இருந்தார். ஊருக்கு அவர் 'கதவு டாக்டர்'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

எண்பதுகளில் எனக்கு ஏலக்காய் மண்டியில் உட்கார்ந்தே வேலை. ஆனாலும் லோடு தூக்கியவன் மாதிரி எப்போதும் அலுப்பு. ஒருநாள் கொல்லையில் நான் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. சர்க்கரையால் என் அண்ணனுக்கு ஒரு கால் போயிருந்த சமயம். அன்று முழுக்க என் கால் கட்டைவிரலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தே புண்ணாக்கிக்கொண்டேன்.

டாக்டர் நீல மருந்தில் சிறுநீரை விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறம் வந்தது; சர்க்கரை எக்கச்சக்கம் என்று அர்த்தம்.

"காலு போயிருமாய்யா?"

"அட இருப்பா. ஒனக்கு இன்சுலின் இருக்கு. அது போயி செல்லு கதவத் தட்டுது. அங்க ரிசப்டர்னு ஒரு காவக்காரன், அசந்து கெடக்கான். தொறக்க மாட்டேங்கான். சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது."

நான் முழித்தேன். நோயாளிக்குப் புரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என் கையைப் பிடித்துத் தெருவோடு இழுத்துப்போய் என் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"நீ சர்க்கரை. நான் இன்சுலின். உள்ள ஒம் பொண்டாட்டி ரிசப்டர்." தட்டினார்.

முந்தின நாள்தான் அவள் வைத்த குழம்பைக் குறை சொல்லியிருந்தேன். ஜன்னலில் முகம் தெரிந்தது. "நீங்க மட்டும்னா வாங்கய்யா. அந்தாளு கூட இருந்தா தொறக்க மாட்டேன்!"

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா! இதான்ப்பா ஒன் வியாதி!"

"அதுக்கு என்னய்யா செய்ய?"

"நடக்கணும். ஒடம்பு வேல செஞ்சா காவக்காரன் எந்திரிப்பான்."

"மலையேறிப் போடிமெட்டு வரைக்கும் நடந்தாலும் எந்திரிக்க மாட்டேன்!" என்றது ஜன்னல்.

மறுநாள் விடியும்போதே முந்தல் ரோட்டில் நடை. என்னை நம்பாமல் அவரும் கூடவே வந்தார். எஸ்டேட் ஜீப்புகள் நின்று, "ஏறிக்கங்கண்ணே" என்று ஆசை காட்டும். நான் காலைத் தூக்குவேன். அவர் சட்டையைப் பிடித்து இறக்குவார். தினமும் நான் புலம்பினேன். முட்டிவலியோடு நொண்டிக்கொண்டு வந்தவர் புலம்பியதில்லை.

சில மாதம் கழித்துக் காய்ச்சியபோது நீலம் லேசான பச்சையோடு நின்றுவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நான் குதித்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே தனியாப் போயிக்கிருவேல்ல?" குரல் என்னவோ போலிருந்தது.

"எங்கய்யா? டீக்கடையில உக்காந்துருவேன்."

"ஒன்னோட பெரிய ரோதனப்பா," என்று முனகியபடி, மறுநாளும் வந்து நின்றார்.

அன்றிலிருந்து அவர் முட்டி தாங்குகிற வேகத்தில் நடந்து, வழிநெடுக எனக்குத்தான் மூச்சு வாங்குவதாக நடித்தேன்.