திறக்க மறுத்த ப்ராஜெக்ட்

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் மாந்தோப்புக்குப் போவதில்லை என்று கமலக்கண்ணன் சபதம் செய்தார். மனசுக்குள்தான். மனைவி காதில் விழும்படி சபதம் செய்கிற அளவுக்கு அவருக்குத் துணிச்சல் போதாது.

வேப்பனப்பள்ளி மாமனார் வீட்டில் மாங்காய்ப் பருவத்தில் மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை உண்டு. இலையில் முதல் சோறு, கையில் மாங்காய் பறிக்க வலை கட்டிய தொரட்டி. போன வருஷம் அண்ணாந்த கழுத்து பழைய நிலைக்கு இறங்குவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்ஸ் உதவியாளர். சரக்கு விவரத்துக்காகச் செய்த டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் ஒன்று சூளகிரி வீட்டு கம்ப்யூட்டரில் இருந்தது. செய்தவள் ட்ரெய்னி அனுப்ரியா. இவர் பங்கு, அதைத் திறப்பது. 'ஓப்பன்' என்பதை அமுக்கி, பெயரைத் தொட்டால் தீர்ந்தது. வீட்டில் விவரிக்கும்போது மட்டும் இதே வேலை ராக்கெட் ஏவுவதாக மாறிவிடும்.

சனிக்கிழமை மாலை, ப்ராஜெக்ட் இருந்த ஃபோல்டரின் பெயரை ரகசியமாக மாற்றி வைத்தார். மறுநாள் காலை பொற்கொடியை அழைத்து, அவள் கண்ணெதிரே தட்டினார். 'ஃபைல் இல்லை' என்றது திரை. நெற்றியில் அறைந்துகொண்டார். நடிப்பு சுமார். சத்தம் பிரமாதம்.

"போச்சு பொற்கொடி! கம்பெனி ப்ராஜெக்ட் திறக்கல."

"நீங்க செஞ்சதுதான?"

"செய்யறது வேற. ஏற்கெனவே இருக்கறதத் திறக்கறது வேற."

"சோறாக்குனவளுக்குச் சட்டி மூடியத் தொறக்கத் தெரியாதாங்க?"

"இது சட்டி இல்லடி, டேட்டாபேஸ்! திறக்க சாயங்காலம் ஆயிடும். நாளைக்கு மேனேஜர் கேப்பாரு. நீ தோப்புக்குப் போயிட்டு வா."

பொற்கொடி திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். இரண்டில் எது கெட்டுப்போயிருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை.

"பாவம்ங்க நீங்க," என்று சொல்லிவிட்டு, போனோடு சமையலறைக்குள் போனாள்.

இவ்வளவு சுலபமா? கமலக்கண்ணன் கட்டிலில் சாய்ந்து தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். மெச்சுவதற்கு வேறு ஆள் இல்லை.

வெயில் ஏறும் வேளையில் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. மைத்துனன் பூபதி ஒரு சாக்கு மூட்டையை முக்கி முனகி இறக்கிக் கூடத்தில் வைத்தான். சாக்கின் வாயில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியின் மூலை தெரிந்தது.

"மாமா, நம்ம மாங்கா மண்டி கம்ப்யூட்டரு. இதுலயும் பழைய ப்ராஜெக்ட் எதுவும் தொறக்க மாட்டேங்குது. நீங்க இன்னிக்கு அதே வேலையாத்தான் இருக்கீங்களாமே?"

"இதையா? இப்பவா?"

"அப்பா கெளம்பிட்டாரு மாமா. பக்கத்துலயே ஒக்காந்து பாப்பாராம். மாப்பிள்ள வேல செஞ்சு பாத்ததே இல்லன்னாரு."

கமலக்கண்ணன் சாக்கையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். அனுப்ரியா செய்ததைத் தவிர வேறு எதையும் அவர் பிறந்ததிலிருந்து திறந்ததில்லை. மாமனார் முன்னால் அது தெரிந்துவிட்டால், இத்தனை வருஷம் ஏவிய ராக்கெட்டெல்லாம் புஸ்வாணம். கழுத்து போனாலும் பரவாயில்லை, கௌரவம் முக்கியம். கம்ப்யூட்டருக்குப் பாய்ந்து ஃபோல்டருக்குப் பழைய பெயரையே வைத்தார். தட்டினார்.

"பொற்கொடி, திறந்துடுச்சு! உங்கப்பாவுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லு. நாமே தோப்புக்குப் போலாம். மண்டி வேலைய அப்புறம் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ளயா? கெட்டிக்காரருங்க நீங்க," என்றாள். அவள் முன்பே புடவை மாற்றியிருந்தாள்.

சாக்கு மூட்டையும் கூடவே ஆட்டோவில் ஏறியது. தோப்பில் இறங்கியதும் பூபதி சாக்கை உதறினான். பெட்டி உருண்டு வந்து வாயைப் பிளந்தது. உள்ளே ஒரு வயர்கூட இல்லை.

"டேய், ஒண்ணுமே இல்லியேடா!"

"எல்லாத்தயும் பழைய சாமான்காரன் எப்பவோ உருவிக்கினு பூட்டான் மாமா. வெறும் கூடு."

"அப்புறம் எதுக்குடா இதைத் தூக்கிட்டு வந்தே?"

பொற்கொடி தொரட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க ப்ராஜெக்டைத் தொறக்கத்தாங்க."