பல்லி சொன்ன சோதனை

ஒரு காட்டில், முயல் வரைக்கும் செல்போன் வாங்கிவிட்ட காலத்தில், கோமளம் என்று ஒரு பல்லி இருந்தது. பூச்சி பிடிப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கோளாறையும் பூச்சி என்றுதானே சொல்கிறார்கள்? அந்த ஒரு தகுதிக்காக நரி மன்னாரு அதைத் தன் கம்பெனியில் சோதனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டான்.

கம்பெனி செய்தது, காட்டுத்தீ வந்தால் மணியடிக்கிற ஆப். கோமளத்தின் இரண்டு முட்டையும் காய்ந்த இலுப்பை மரத்துப் பொந்தில் இருந்தன. அதனால் ஒரு சருகைக் கொளுத்திப் போன் பக்கத்தில் காட்டிப் பார்த்தது. மணி அடிக்கவில்லை. போன் ஓடிபி கேட்டது.

"அண்ணே, தீ வந்தா இது ஓடிபி கேக்குது."

"உன்னை யாரு தீ வச்சுப் பாக்கச் சொன்னது?" என்றான் மன்னாரு. "தீ ஆபத்து, சோதனைக்கு ஆகாதுன்னு விதிப்புத்தகத்துல போட்டிருக்கு. செக்கச்செவேல்னு முருக்கம்பூ வச்சுப் பாத்தோம், கணீர்னு அடிச்சுது. நூத்திப்பன்னெண்டு சோதனை, நூத்திப்பன்னெண்டும் பச்சை டிக்கு."

"பூவைப் பாத்து எதுக்குண்ணே ஓடணும்?"

"அது உன் டிபார்ட்மெண்ட் இல்ல."

வெளியீட்டு விழாவுக்குத் தலைவர் யானை வந்தார். கோமளம் சுவரேறி, "இது வேலை செய்யாதுங்கய்யா" என்று தொண்டை கிழியச் சொன்னது. ஒருத்தரும் திரும்பவில்லை. நொந்துபோய், "ச்சு ச்சு ச்சு" என்றது.

யானை தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிட்டார். "கிழக்குச் சுவர்ல பல்லி சொல்லிடுச்சு. இதுக்கு மேல என்னப்பா சோதனை? வெளியிடுங்க."

பத்தாம் நாள் மத்தியானம் மேற்கே புகை கிளம்பியது. காட்டுப் போனெல்லாம் ஒரே நேரத்தில் ஓடிபி கேட்டன. எல்லாரும் தலையைக் குனிந்து காத்திருந்தார்கள்.

"தீ வருது, ஓடுங்க" என்றது கோமளம்.

"இரு கோமளம், நம்பர் வந்துக்கிட்டே இருக்கு" என்றது முயல்.

அப்போதுதான் கோமளத்துக்கு உறைத்தது. விறுவிறுவென்று யானையின் தலைக்கு மேல் இருந்த கிளைக்குப் போய், "ச்சு ச்சு ச்சு" என்றது.

"ஆத்தி, உச்சிக்கு மேல பல்லி சொல்லுதே," என்று யானை பதறினார். "இருக்கிற இடம் ஆகாது. எல்லாரும் ஆத்தங்கரைக்குக் கிளம்புங்க."

சகுனக்காரி முட்டையாச்சே என்று, முயல் இரண்டையும் பயபக்தியோடு கவ்விக்கொண்டு ஓடியது.

பாதிக் காடு கருகியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆகவே ஆப்புக்கு விருது கிடைத்தது. மன்னாரு விதிப்புத்தகத்தில் நூற்றுப்பதின்மூன்றாவது சோதனையைச் சேர்த்தான்: "பல்லி சொன்னதா? ஆம் / இல்லை." ஓடிபி அப்படியே இருக்கிறது.

நீதி: கோளாறு கண்டுபிடிக்கிறவர்கள் கம்ப்யூட்டர் படித்தால் மட்டும் போதாது; எந்தத் திசையில் உட்கார்ந்து ச்சு கொட்டுவது என்று பஞ்சாங்கமும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.